பெண்கள் தொழில்முறை லீக் கணக்கில் நிற்குமா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு பெண்கள் காற்பந்துக் குழுவுக்குச் சில ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். பிழைப்புக்குச் செய்வதும் கணக்கர் வேலைதான். குழுவில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் எழுந்த வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் வருகிறவர்கள். நன்கொடைப் புத்தகத்தோடு கடைத்தெருவில் ஏறி இறங்கும்போதும், பெற்றோர் கூட்டத்திலும், திடலோரத்து ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போதும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் தொனியிலேயே விட்டிருக்கிறேன்.

உலகத்தில் எந்தப் பெண்கள் லீக்கும் இலாபம் பார்த்ததில்லை என்கிறார்களே, அது உண்மையா?

பெரும்பாலானவை ஆண்டுக் கணக்கை நட்டத்தில்தான் முடிக்கின்றன என்பது உண்மை. ஆனால் "இலாபம்" என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, இந்த ஆண்டு வந்த பணத்துக்கும் செலவான பணத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவது, அந்தக் குழுவையோ லீக்கையோ இன்று விற்றால் என்ன விலை போகும் என்பது.

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ-வை எடுத்துக்கொள்வோம். 1997-இல் எட்டுக் குழுக்களோடு ஆடத் தொடங்கிய அந்த லீக், 2024-ஆம் ஆண்டிலும் ஏறத்தாழ 4 கோடி டாலர் நட்டத்தை நோக்கிப் போவதாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டில்தான் 11 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 220 கோடி டாலர் மதிப்புள்ள ஒளிபரப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. புதிதாகச் சேர விரும்பும் குழு கட்ட வேண்டிய நுழைவுத் தொகை, 2025-இல் களமிறங்கிய கோல்டன் ஸ்டேட் குழுவுக்கு 5 கோடி டாலராக இருந்தது. 2025-இல் அறிவிக்கப்பட்ட கிளீவ்லாந்து, டெட்ராய்ட், பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களுக்கும் தலா 25 கோடி டாலராக உயர்ந்தது. நட்டத்தில் ஓடும் ஒன்றுக்குள் நுழைய ஐந்து மடங்கு கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது இந்த ஆண்டின் இலாபத்தை அல்ல.

நம் ஊர்க்காரருக்கு இது புரியாத விஷயமும் அல்ல. செம்பனைக் குலைக்கு விலை படுத்துக் கிடக்கும் ஆண்டிலும் சாலையோரத்து நிலத்தின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் நிலத்தின் மதிப்பு விற்கும் நாளில்தான் கைக்கு வரும்; அதுவரை வரியையும் களையெடுப்புக் கூலியையும் யாராவது கட்டியாக வேண்டும். மேலே சொன்ன பெரிய எண்களைக் காட்டி நன்கொடை கேட்கும் யாரிடமும், "இடைப்பட்ட காலத்துக்கு யார் கட்டுவது?" என்று நீங்கள் கேட்கலாம். பெண்கள் லீக்கைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் பாதி அதையே சுற்றி வரும்.

லீக்குக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட்டிலிருந்தா?

டிக்கெட் என்பது நாம் நினைப்பதைவிடச் சிறிய பங்கு. தொலைக்காட்சி, இணைய ஒளிபரப்பு உரிமை, சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளும் நிறுவனங்கள், குழு உரிமையை வாங்குகிறவர் கட்டும் தொகை ஆகியவைதான் முதுகெலும்பு.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவின் மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட். 2023-இல் முதல் பந்து வீசப்படும் முன்பே, ஐந்து ஆண்டுக்கான ஒளிபரப்பு உரிமை 951 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஓர் ஆட்டத்துக்கு 7.09 கோடி ரூபாய். ஐந்து குழுக்களின் உரிமை மொத்தம் 4,669.99 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அகமதாபாத்துக்கு மட்டும் 1,289 கோடி. முதல் பருவத்தின் ஆட்டங்கள் எல்லாம் மும்பை வட்டாரத்தின் இரண்டு மைதானங்களிலேயே நடந்தன; பெண்களுக்கு அனுமதி இலவசம். அதாவது வாயிற்கதவில் வரும் காசை அவர்கள் கணக்கிலேயே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்த முதல் ஆண்டில் ஆட்டக்காரர்களை வாங்க ஒரு குழுவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சத் தொகை 12 கோடி ரூபாய்தான். மிக அதிக விலைக்குப் போன ஸ்மிருதி மந்தனா 3.4 கோடிக்கு வாங்கப்பட்டார். உரிமைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஆட்டக்காரர்களுக்கான செலவு சிறியது. "பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் லீக் நொடிக்கிறது" என்று கடைத்தெருவில் ஒருவர் என்னிடம் அடித்துப் பேசினார். அவருக்கான பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது.

அந்தக் கிரிக்கெட் கணக்கு இந்தியாவுக்குச் சரி. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு கொஞ்சம் இருக்கிறது. 2024 டிசம்பர் ஏலத்தில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 16 வயது கமலினியை மும்பைக் குழு 1.6 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவருக்கு வைக்கப்பட்டிருந்த தொடக்க விலை 10 இலட்சம். சில வாரங்களுக்குள் அவர் நம் நாட்டுக்கே வந்து ஆடினார். 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கிண்ணப் போட்டி 2025 ஜனவரி, பிப்ரவரியில் மலேசியாவில் நடந்தது. இறுதியாட்டம் கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலில். கிண்ணத்தை வென்ற இந்தியக் குழுவில் அவரும் ஒருவர்.

ஆனால் அந்த மாதிரியை அப்படியே இங்கே தூக்கி வந்து வைக்க முடியாது. இந்தியாவில் ஆண்கள் கிரிக்கெட் உண்டாக்கி வைத்திருக்கும் விளம்பரச் சந்தை மிகப் பெரியது. அதன் ஓர் ஓரத்தை வெட்டினாலே பெண்கள் லீக்குக்குப் போதும். மலேசியாவில் வெட்டிக் கொடுக்கும் அளவுக்குக் கொழுத்த எந்த ஆண்கள் லீக்கும் இல்லை.

முன்பு தொடங்கிய லீக்குகள் ஏன் மூடப்பட்டன? ஆள் வரவில்லையா?

ஆள் வந்தார்கள். இதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள்.

1999-இல் அமெரிக்காவில் நடந்த மகளிர் உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தை ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் பார்த்தார்கள். அந்தச் சூட்டோடு சூடாக 2001-இல் எட்டுக் குழுக்களுடன் ஒரு தொழில்முறை லீக் தொடங்கப்பட்டது. சுருக்கமாக அதை 'வூசா' என்றார்கள். முதலீட்டாளர்கள் ஐந்து ஆண்டுக்கென்று ஒதுக்கி வைத்த ஏறக்குறைய 4 கோடி டாலர் முதல் ஆண்டிலேயே கரைந்தது. மூன்று பருவங்களில் சுமார் 10 கோடி டாலர் போனபின், 2003 செப்டம்பரில், அடுத்த உலகக் கிண்ணம் தொடங்க ஐந்து நாள் இருக்கையில், கடையை மூடினார்கள். மூடிய ஆண்டிலும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 6,000 பேருக்கு மேல் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நம் பேராக்கில் ஆண்கள் ஆட்டத்துக்கே அத்தனை பேர் வந்தால் மறுநாள் நாளேட்டில் படம் வரும்.

ஆகவே அங்கே குறைந்தது கூட்டம் அல்ல, பொறுமைக்கு ஒதுக்கிய பணம். 90,000 பேர் ஒரு நாள் வந்ததைப் பார்த்து, வாரந்தோறும் அதில் ஒரு பங்காவது வரும் என்று செலவைத் தீர்மானித்தார்கள். பால்மரம் நட்டவர் யாரும் முதல் ஆண்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும் என்று தெரிந்தே நடுகிறார். அந்த ஆறேழு ஆண்டுக்கும் சோற்றுக்கு வழி செய்துகொண்டே நடுகிறார்.

அதன்பின் 2009-இல் வந்த இரண்டாவது லீக்கும் மூன்று பருவங்களே ஓடியது. 2013-இல் தொடங்கிய மூன்றாவது லீக்தான் நின்றது. அது சிக்கனமாகத் தொடங்கியது என்பது ஒரு காரணம்; சிக்கனம் சில ஆட்டக்காரர்களுக்கு ஒரு பருவத்துக்கு 6,000 டாலர் என்ற அளவுக்குப் போனது, அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. பெரிய காரணம், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாட்டுக் காற்பந்துச் சங்கங்களும் தத்தம் தேசிய ஆட்டக்காரர்களின் சம்பளத்தைத் தாமே ஏற்றன. குழுக்களின் தலையிலிருந்து மிகக் கனமான சுமை இறங்கியது. நம் நாட்டில் ஏற்றுமதியாகும் ரப்பர்மீது ஒரு சிறு தீர்வையை வசூலித்து, மறுநடவு செய்யும் சிறுதோட்டக்காரருக்கு அதையே மானியமாகத் திருப்பிக் கொடுத்தார்களே, ரிஸ்டா வழியாக வரும் பணம் என்று நம் பெரியவர்கள் சொல்வது, ஏறக்குறைய அதே ஏற்பாடு. பத்தாண்டு கழித்து, 2023 நவம்பரில், அந்த லீக் நான்கு ஆண்டுக்கு 24 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் செய்தது. 2024-இல் லாஸ் ஏஞ்சலிஸ் குழுவான ஏஞ்சல் சிட்டி 25 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது.

நன்றாக ஆடி வென்றால் பணம் தானாக வராதா?

வராது. டபிள்யூஎன்பிஏ-வின் முதல் நான்கு கிண்ணங்களையும், 1997 முதல் 2000 வரை, ஹூஸ்டன் காமெட்ஸ் குழுவே வென்றது. 2008-இல் அதை வாங்க ஆள் இல்லாமல் மூடினார்கள்.

யாராவது தாங்க வேண்டும் என்கிறீர்கள். யார் தாங்கினால் நல்லது?

நான்கைந்து வகைத் தோள்கள் இருக்கின்றன. எந்தத் தோளும் வலியில்லாத தோள் அல்ல.

ஆண்கள் லீக்கே பெண்கள் லீக்கை நடத்துவது ஒரு வகை. டபிள்யூஎன்பிஏ அப்படித்தான் பிழைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் தனித்துத் தொடங்கப்பட்ட இன்னொரு பெண்கள் கூடைப்பந்து லீக், நல்ல ஆட்டக்காரர்கள் பலரைக் கையில் வைத்திருந்தும், 1996-இல் தொடங்கி 1998 டிசம்பரில் திவாலானது. ஒன்றின் பின்னால் ஆண்கள் கூடைப்பந்து லீக்கான என்பிஏ நின்றது, மற்றதன் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஆட்டத்தரத்தில் இருந்த வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் பெரிது.

ஆண்கள் கழகத்தின் ஒரு பிரிவாகப் பெண்கள் குழு இருப்பது இரண்டாவது வகை. இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக் 2018-இல் முழுநேரத் தொழில்முறை லீக்கானது பெரும்பாலும் இந்த வழியில்தான். வசதி என்னவென்றால் பயிற்சித் திடல், மருத்துவர், அலுவலகம் எல்லாம் ஏற்கெனவே உண்டு. ஆபத்து என்னவென்றால், வீட்டில் பணமுடை வந்தால் முதலில் பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் பிள்ளை எது என்பது நமக்குத் தெரியும். ரெடிங் கழகம் 2024-இல் தன் பெண்கள் குழுவை இரண்டாம் நிலை லீக்கிலிருந்து விலக்கிக் கீழ்நிலைக்கு இறக்கியது. அந்தக் கழகத்தின் பணத் தொல்லைக்குப் பெண்கள் குழு காரணமல்ல.

நிறுவனங்கள் குழு நடத்துவது மூன்றாவது வகை. ஜப்பானில் 1989-இல் தொடங்கிய பெண்கள் காற்பந்து லீக், வெளிநாட்டு ஆட்டக்காரர்களையெல்லாம் வரவழைக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் செழித்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரம் சரிந்தபோது நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் குழுக்களைக் கைவிட்டன. 2021-இல் அந்நாட்டில் முழுத் தொழில்முறையாகப் புதிய லீக் ஒன்று தொடங்கப்பட்டது. ஓர் ஆட்டத்துக்கு 5,000 பேர் என்று இலக்கு வைத்தார்கள், முதல் பருவத்தில் வந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2011-இல் உலகக் கிண்ணம் வென்ற நாட்டின் நிலைமை இது.

நான்காவது, ஒரே உரிமையாளர் எல்லாக் குழுக்களையும் வைத்திருப்பது. வட அமெரிக்காவில் 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் பனி ஹாக்கி லீக் அப்படிப்பட்டது. தொடங்கியபோது இருந்த ஆறு குழுக்களுக்கும் மார்க் வால்டர் என்ற ஒரே செல்வந்தரின் தரப்பே முதலாளி. குழுக்களுக்குள் ஒருவரை ஒருவர் விஞ்சப் போட்டி போட்டுச் செலவழித்துச் சாகும் நோய் அங்கே இல்லை. முதல் ஆண்டிலேயே மொந்திரியாலில் ஓர் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். ஆனால் அந்த ஒருவருக்கு மனம் மாறினால் எல்லாக் குழுக்களும் ஒரே நாளில் மாறும். பழைய தோட்ட முறையில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: துரை நல்லவராக இருக்கும்வரை தண்ணீரும் விளக்கும் ஒழுங்காக வந்தன, தோட்டம் கைமாறியபோது வீடு காலி செய்யக் கடிதம் வந்தது.

கடைசி வகை அரசு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

அரசாங்க மானியம் போதாதா?

தொடங்கப் போதும், தொடரப் போதாது. மானியம் ஆண்டுக்கு ஆண்டு தீர்மானிக்கப்படுவது. சட்டமன்ற உறுப்பினர் மாறினால் கோப்பும் மாறும். ஒப்பந்தத்தில் ஆட்டக்காரருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் எழுதிக் கொடுக்க வேண்டுமானால், இரண்டு ஆண்டுக்கு நிச்சயமான வரவு வேண்டும். அத்தகைய வரவை எந்த மானியக் கடிதமும் எனக்கு இதுவரை காட்டியதில்லை.

ஆண்கள் சம்பாதிப்பதை எடுத்துப் பெண்கள் லீக்கை வளர்ப்பது நியாயமா?

இந்தக் கேள்வியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது: ஆண்கள் லீக் எல்லாம் சம்பாதிக்கின்றன என்பது. அமெரிக்க ஆண்கள் காற்பந்து லீக் 1996-இல் தொடங்கியபின் பல ஆண்டுகள் கோடிக்கணக்கில் இழந்தது. 2002 தொடக்கத்தில் இரண்டு குழுக்களை மூடியது. இங்கிலாந்தின் ஆண்கள் இரண்டாம் நிலை லீக்கில், வருமானத்தைவிடச் சம்பளமே அதிகமாகப் போன ஆண்டுகள் பல உண்டு. நம் நாட்டு ஆண்கள் லீக்கில் சம்பள பாக்கிச் செய்தி இல்லாத பருவம் எது என்று யோசித்துப் பாருங்கள். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்வரை ஏறிய குழு, 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. நம் பையன்கள் பலர் அதில் ஆடினார்கள் என்பதால் அந்த வருத்தம் இங்கே இன்னும் இருக்கிறது. அப்போது யாரும் "ஆண்கள் காற்பந்துக்குச் சந்தை இல்லை" என்று முடிவு கட்டவில்லை.

இன்னொன்று. 1920 டிசம்பர் 26 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் குடிசன் பார்க் அரங்கில் நடந்த ஒரு பெண்கள் காற்பந்தாட்டத்துக்குச் சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே, தன் உறுப்புக் கழகங்களின் திடல்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் தடை போட்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகே அது நீங்கியது. கடையைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, "வியாபாரமே நடக்கவில்லையே" என்று கேட்பதற்கு என்ன பதில் சொல்வது?

ஆட்டத்தைப் பார்க்கக் காசு வாங்கலாமா, இலவசமாக விடலாமா?

ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து லீக் 2017-இல் தொடங்கியபோது அனுமதி இலவசம். மெல்பர்னில் முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்து, வாயிற்கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. 2019 இறுதியாட்டத்துக்கு அடிலெய்டில் 53,034 பேர். பழக்கம் உண்டாக்க இலவசம் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இலவசத்தில் பழகியவரிடம் பிறகு காசு கேட்பது, கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு விலை போடுவது போன்றது.

என் சிறிய அனுபவத்தில், இரண்டு ரிங்கிட் வாங்குவதுதான் சரி. எங்கள் குழு ஆடிய இலவச ஆட்டங்களில் பாதிப் பேர் இடைவேளையில் எழுந்து போனார்கள். இரண்டு ரிங்கிட் கொடுத்தவர் கடைசி நிமிடம்வரை உட்கார்ந்து நடுவரைத் திட்டினார். வசூல் பெரிதாக ஒன்றும் இல்லை, நடுவர் கட்டணத்துக்குக்கூட முழுதாகக் காணாது. ஆனால் எத்தனை பேர் காசு கொடுத்து வந்தார்கள் என்ற எண் கையில் இருந்தால், அடுத்த முறை நகைக்கடைக்காரரிடம் பேசும்போது அந்த எண் நமக்காகப் பேசும்.

ஒரு பெரிய நட்சத்திரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கேட்லின் கிளார்க்கை நினைத்துத்தான் இதைக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். 2024-இல் அவர் டபிள்யூஎன்பிஏ-வுக்கு வந்தபின் அரங்குகள் நிரம்பின, தொலைக்காட்சிப் பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது. அந்த முதல் ஆண்டில் லீக் அவருக்குக் கொடுத்த சம்பளம் 76,535 டாலர். விளம்பரத்தில் அவர் சம்பாதித்தது வேறு கணக்கு. அடுத்த ஆண்டு காயம்பட்டு 13 ஆட்டங்களே ஆடினார். ஒரே மரத்தில் பால் எடுத்துத் தோட்டம் நடத்த முடியாது.

அந்தச் சம்பள எண் வேறொன்றையும் சொல்கிறது. ஆண்கள் என்பிஏ-வில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. பெண்கள் லீக்கில் அந்தப் பங்கு பல ஆண்டுகளாக அதற்கு வெகு கீழே இருந்தது. "ஆண்களுக்குச் சமமான தொகை கேட்கிறார்கள்" என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். வரவில் சமமான விழுக்காடு கேட்பது வேறு, சமமான தொகை கேட்பது வேறு. பால் எடையில் கூலி வாங்கிய எவருக்கும் இந்த வித்தியாசம் விளங்கும்.

முதலில் சம்பளம் இல்லாமல் ஆடிவிட்டு, லீக் வளர்ந்தபின் கொடுத்தால் என்ன?

கனடாவின் முந்தைய பெண்கள் பனி ஹாக்கி லீக் அப்படித்தான் நடந்தது. 2017 வரை சம்பளமே இல்லை, 2019-இல் மூடப்பட்டது. சம்பளம் கொடுக்காததால் அது காப்பாற்றப்படவில்லை. பகலில் வேலை பார்த்து இரவில் பயிற்சி எடுப்பவரின் ஆட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. ஏறாத ஆட்டத்துக்கு ஒளிபரப்பாளர் காசு தரமாட்டார். கூலியில்லா வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டாம்.

மலேசியாவில் பெண்கள் லீக் ஒன்று கணக்கில் நிற்க வேண்டுமானால் அது எந்த விளையாட்டாக இருக்கும்?

காற்பந்துக் குழுவுக்குக் கணக்கு எழுதும் நான் இதைச் சொல்வது எங்கள் பெண்களுக்குப் பிடிக்காது. என் கணிப்பு வலைப்பந்து (நெட்பால்) அல்லது கைப்பந்து (வாலிபால்).

காற்பந்துக்கு இங்கே வரலாறு உண்டு. துன் ஷரிபா ரொட்சியா கிண்ணப் போட்டி 1976-இலேயே தொடங்கியது. ஆனால் பதினொரு பேர், மாற்றாட்டக்காரர்கள், முழு அளவுத் திடல், ஜொகூரிலிருந்து கெடாவரை பேருந்துப் பயணம் என்று ஒவ்வோர் ஆட்டமும் செலவுதான். வலைப்பந்துக்கு ஏழு பேரும் ஒரு மண்டபமும் போதும். தமிழ்ப்பள்ளி, மலாய்ப் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் பெண் பிள்ளைகள் ஆடி வளரும் ஆட்டம் அது. 2017 சீ விளையாட்டுப் போட்டியில் நாம் தங்கம் வென்றதும் அதில்தான். ஆடிய தாய்மார்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், விதிகளை விளக்க வேண்டியதில்லை. மழைக்கும் நிற்காது.

கைப்பந்தைச் சொல்லக் காரணம் பிலிப்பைன்ஸ். அங்கே 2004-இல் பல்கலைக்கழக மாணவியருக்கான போட்டியாகத் தொடங்கியது, படிப்படியாக வளர்ந்து, பெருந்தொற்றுக் காலத்தில் முழுத் தொழில்முறைப் பெண்கள் லீக்காக மாறியது. ஐஸ்கிரீம், மாச்சில்லு (பிஸ்கட்), தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குழுக்களை வைத்திருக்கின்றன. ஒரே நிறுவனக் குடும்பத்தின் இரண்டு குழுக்கள் மோதும் ஆட்டத்துக்கு மணிலாவில் 20,000 பேருக்கு மேல் கூடியிருக்கிறார்கள். நம்மைவிடப் பணக்கார நாடு அல்ல அது. மாணவியராக இருந்தபோதே தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய முகங்கள் தொழில்முறைக்குப் போனபோது இரசிகர்களும் கூடவே போனார்கள். ஆண்கள் லீக்கின் கிளையாக இல்லாமல் தன் காலில் வளர்ந்தது என்பதால், ஆசியாவில் நாம் உட்கார்ந்து படிக்க வேண்டிய கணக்குப் புத்தகம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் கடை எதற்குப் பணம் தர வேண்டும்? சாமி காரியம் என்றால் புண்ணியமாவது கிடைக்கும்.

புண்ணியத்துக்கு என்னால் இரசீது தர முடியாது. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் வீட்டுச் செலவைத் தீர்மானிப்பது யார் என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கே தெரியும். பெரிய நிறுவனங்கள் பெண்கள் லீக் பக்கம் வருவதற்கும் அதுதான் காரணம், கருணை அல்ல. ஆண்கள் ஆட்டத்தில் பதாகை போட்டால் இருபது பதாகைகளில் உங்களுடையது ஒன்று. எங்கள் சட்டையில் இரண்டு பெயர்களுக்குத்தான் இடம். மொத்தமாக ஒரு தடவை ஆயிரம் ரிங்கிட் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரைவிட, மூன்று ஆண்டுக்கு ஆண்டுதோறும் முந்நூறு என்று எழுதிக் கொடுப்பவரே எங்களுக்கு மேல். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அடுத்த பருவத்துக்கு வேன்காரரிடம் பேச முடியும்.

என் மகள் இதை நம்பிப் படிப்பை விடலாமா?

விடக்கூடாது, ஐயா. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சிவசங்கரி சுப்பிரமணியம் 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தை வென்றதைப் பார்த்துப் பல பெற்றோர் கேட்கிறார்கள். அது தனிநபர் ஆட்டம். வென்றவருக்குப் பரிசுத்தொகை அவர் பெயருக்கே வரும், உலகம் முழுவதும் சுற்றி ஆட வழியும் உண்டு. குழு ஆட்டத்தில் லீக் இல்லையென்றால் திறமைக்குச் சந்தையே இல்லை. மலேசியாவில் ஒரு பெண் காற்பந்தாடி மட்டுமே குடும்பம் நடத்தும் நிலை இன்று இல்லை. படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துப் பிடிக்க உதவும் பல்கலைக்கழக இடங்களைத் தேடுவது நல்லது. பிலிப்பைன்ஸ் பெண்கள் வந்த வழியும் அதுவே. அதே சமயம், படிப்புக்காக ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வாரம் மூன்று மாலை என்பது பெரிய விலை அல்ல.

உங்கள் குழுவின் கணக்கைப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடியும் நேரத்தில் புத்தகம் என் பையில் இருக்கும். வரவுப் பக்கத்தில் ஏழு கடைகளின் பெயர், ஒரு கோயில் நிர்வாகம், முன்னாள் மாணவர் இருவர். செலவுப் பக்கத்தில் வேன், காலணி, நடுவர் கட்டணம், ஐஸ் கட்டி. சென்ற பருவம் துண்டு விழுந்த தொகையைப் பயிற்றுநரும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு அடைத்தோம். அதை நன்கொடை என்று எழுதச் சொன்னார் பயிற்றுநர். கடன் என்று எழுதியிருக்கிறேன். திருப்பித் தர வேண்டிய தேதிக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.